வளைக்குள் இரண்டு பேர்

வல்லூறு பாய்ந்ததும் அணில் கண்ணில் பட்ட வளைக்குள் விழுந்தது. உள்ளே ஒரு முள்ளெலி தனியாகக் குடியிருந்தது.

வாசலில் நகங்கள் மண்ணைப் பிறாண்டின. உதிர்ந்த மண் இருவர் மேலும் கொட்டியது.

"ஏதாவது பேசேன். இந்த அமைதியிலேயே என் உயிர் போயிடும் போலிருக்கு," என்றது அணில்.

"சும்மா இரு. பேசினா நாம எங்கே இருக்கோம்னு அதுக்குத் தெரிஞ்சிடும்."

அணில் தன் வாலைக் கடித்துக்கொண்டது. ஆனாலும் தாளவில்லை. "தினமும் இப்படித் தனியாவா இருக்கே? பயமா இல்லையா?"

"இன்னிக்குத்தான் பயம். நீ வர்ற வரைக்கும் சந்தோஷமா இருந்தேன்."

அணில் அதை நம்பவில்லை.

அப்போது வளைக்குள் கூரிய அலகு நீண்டது. முள்ளெலி அணிலைப் பின்னே தள்ளிவிட்டு, வாசலை அடைத்தபடி பந்தாகச் சுருண்டது. முள் குத்திய வல்லூறு அலறிக்கொண்டு பறந்துபோனது.

வெளியே மரம் முழுக்க அணில்கள் கீச்சிட்டன. இந்த அணிலும் ஓடிப்போய் அவற்றோடு சேர்ந்து கத்தியது, குதித்தது. "பாவம், அது தனியா இருக்கு. கூட்டிட்டு வர்றேன்," என்று வளைக்குத் திரும்பியது.

முள்ளெலி இன்னும் பந்தாகவே சுருண்டு கிடந்தது. வெளியே சத்தம் அடங்க அடங்க, அதன் உடல் மெல்ல விரிந்தது. ஈர மண்ணில் மூக்கைப் பதித்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சுவிட்டது. அந்த முகம் அணிலுக்குத் தெரிந்த முகம். சற்றுமுன் கிளையில் தன் கூட்டாளிகளிடம் பார்த்த அதே சந்தோஷம்தான்.

கூப்பிட வாயெடுத்த அணில் ஓசைப்படாமல் பின்வாங்கியது. வானத்தை ஒருமுறை பயத்தோடு பார்த்துவிட்டு, கூட்டத்தை நோக்கி ஓடியது.