எட்டு லிட்டர் எடுத்தால்

“ஞாயித்துக்கெழம எனக்கு லீவு வேணும் சார். பரீட்ச இருக்குது.”

பூங்கொடி சொல்லிவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே விடுதியில் பக்கத்துப் பாய்க்காரி ஜெசி சொல்லிக்கொடுத்திருந்தாள். காய்ச்சல் என்று கேள். வயிற்றுவலி என்று கேள். தாய்மாமன் செத்துப்போனால் இரண்டு நாள்கூடக் கொடுப்பார்கள். பரீட்சை என்ற சொல் மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது.

பூங்கொடிக்கு இருந்தது ஒரே தாய்மாமன். அவரைப் பொங்கலுக்கு முன்பே சாகடித்தாயிற்று. காய்ச்சலும் வயிற்றுவலியும் அதற்கும் முன்பே தீர்ந்துபோயிருந்தன.

ஓசூர் சிப்காட்டில் கார்களுக்கு வயர்க்கட்டு செய்கிற கம்பெனி அது. லைனில் நிற்கப் பெண்பிள்ளைகள்தான் வேண்டும். அதிலும் ப்ளஸ் டூவோடு நின்றவர்கள்தான் வேண்டும். டிகிரிக்காரிகள் நிலைக்க மாட்டார்கள், சட்டம் பேசுவார்கள் என்று மேலே இருப்பவர்களுக்கு ஒரு எண்ணம்.

அதனால் விடுதியில் பாதிப் பேருடைய டிகிரி டிரங்குப் பெட்டியின் அடியில், விரித்த செய்தித்தாளுக்குக் கீழே கிடந்தது. பூங்கொடியுடையதும் அங்கேதான். பி.எஸ்ஸி. கணிதம், முதல் வகுப்பு. சிங்காரப்பேட்டையில் அவள் வீட்டில் அதற்கு முன் எட்டாவது தாண்டியவர் யாரும் இல்லை.

சம்பங்கி என்று ஒருத்தி இருந்தாள். லைன் போர்டில் எழுதியிருந்த ரிஜெக்‌ஷன் சதவீதம் தப்பு என்று அழித்துவிட்டுத் திருத்தி எழுதினாள். சரியாகத்தான் திருத்தினாள். சூப்பர்வைசர் நாராயணப்பன் அதைப் பார்த்துவிட்டு மேலே போய்ச் சொன்னார். மறுநாள் காலை கேட்டில் அவளுடைய கார்டு வேலை செய்யவில்லை.

அந்த நாராயணப்பன்தான் இப்போது கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பூங்கொடியை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன பரீட்ச?”

“ரயில்வே கிளார்க் சார். பெங்களூர்ல சென்டர். ப்ளஸ் டூ போதும் அதுக்கு.”

கடைசி வார்த்தைகளை வேண்டுமென்றேதான் சேர்த்தாள்.

லைனுக்குள் காகிதமோ பேனாவோ கொண்டுபோகக் கூடாது. ஆறு மாதமாக வயர் செருகிக்கொண்டே மனசுக்குள்தான் கணக்குப் போட்டுவந்தாள். கோபம் வந்தால் விடை இன்னும் வேகமாக வரும். அதனால் வேகத்துக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்லை.

நாராயணப்பன் லீவு ஸ்லிப்பைத் தொடவில்லை. மேசையில் கிடந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டுப் பேனாவை அவள் பக்கம் உருட்டினார்.

“இதப் போடு பாக்கலாம். பாலும் தண்ணியும் அஞ்சுக்கு மூணு. அதுல எட்டு லிட்டர் எடுத்துட்டு, எட்டு லிட்டர் தண்ணி ஊத்தறேன். இப்ப ரெண்டும் சரிபாதி. மொத்தம் எத்தன லிட்டரு?”

நாற்பது.

பேனா உருண்டு நிற்பதற்குள் வந்துவிட்டது. எட்டில் ஐந்து பங்காக இருந்த பால் பாதியாகிவிட்டது என்றால், இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே போயிருக்கிறது. அந்த ஒரு பங்குதான் எட்டு லிட்டர்.

இது டிகிரியை மறைத்தவளைப் பிடிக்கிற கணக்கு என்று அவளுக்குப் புரிந்தது. நாற்பது என்று சொன்னால் நாளைக் காலை கார்டு வேலை செய்யாது. விடுதியும் கம்பெனியுடையது. பாயைச் சுருட்ட வேண்டியதுதான்.

ப்ளஸ் டூவோடு நின்ற ஒருத்தி இதில் எங்கே தவறுவாள் என்று யோசித்தாள். எடுத்தது எல்லாம் பால்தான் என்று நினைத்துக்கொள்வாள். கலந்ததை மொண்டால் தண்ணீரும் சேர்ந்துதான் வரும் என்பதை மறந்துவிடுவாள். அப்படிப் போட்டால் அறுபத்துநாலு.

தேவையில்லாமல் நாலைந்து வரி எழுதினாள். ஒரு வரியை அடித்தாள். விரல்விட்டு எண்ணினாள். கல்லூரியில் மூன்று வருடத்தில் இவ்வளவு கஷ்டமான கணக்கு அவள் போட்டதில்லை.

“அறுபத்துநாலு சார்.”

நாராயணப்பன் நாற்காலியில் சாய்ந்தார். முகம் தெளிந்துவிட்டது.

“பரவால்லியே. எனக்கும் அதேதாம்மா வந்துது.”

இழுப்பறையிலிருந்து ஒரு கைடை எடுத்து மேசையில் போட்டார். ரயில்வே கிளார்க் தேர்வுக்கானது. அட்டைக்கு நாடா ஒட்டியிருந்தது.

“பழைய புக்கு. விடைப் பக்கத்த எவனோ கிழிச்சிட்டு வித்துட்டான். ஆப்ஷன்ல நாப்பதும் இருக்குது, அறுபத்துநாலும் இருக்குது. ரெண்டு நாளா ரோதன.”

“நீங்களும் எழுதறீங்களா சார்?”

“ஞாயித்துக்கெழம நானும் லீவுதான். கம்பெனிக்கு எனக்கு வயித்துவலி. யார்ட்டயும் சொல்லிப்புடாத.” சிரித்தார். “வயசு வரம்பு இதோட முடியுது எனக்கு. உனக்கென்ன, பொம்பளப்புள்ள. சும்மா எழுதிப் பாரு. கெடைக்கலன்னா கல்யாணம்.”

ஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தில் ‘காய்ச்சல்’ என்று அவரே எழுதியும் கொடுத்தார்.

தப்பாகப் போட்ட கணக்குக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

“இந்த மாடல்ல நாலஞ்சு கேள்வி வருமாம்மா. எல்லாத்தையும் இப்பிடியே போட்டுரலாந்தான?”

பூங்கொடி காகிதத்தைப் பார்த்தாள். தப்பு இருந்த வரி அவள் கையெழுத்தில் பளிச்சென்று தெரிந்தது. இப்போது நாற்பது என்று சொன்னாலும் ஒன்றும் ஆகாது. வயிற்றுவலிக்காரர் மேலே போய் யாரைப் பற்றியும் எதையும் சொல்ல முடியாது.

“இப்பிடியேதான் சார்” என்றாள். “எல்லாத்துக்கும் இதே வழிதான்.”

ஸ்லிப்பை மடித்து யூனிஃபார்ம் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

“நல்லா எழுதும்மா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தலையை ஆட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.