பேரை அழிச்சாச்சா?

“என்னய்யா இது? பெட்டியை நகர்த்தினா பேரு பல்லை இளிக்குது!”

டாக்டர் சிவசங்கரன் கத்தினார். பழங்காநத்தத்தில் அவருடைய ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் பார்க்கும் கிருபாகரனுக்கு இது இன்றைக்கு மூன்றாவது டோஸ்.

மதியம் மெடிக்கல் காலேஜில் டாக்டருக்கு வகுப்பு. மாணவர்களுக்குக் காட்ட ஒரு ஸ்கேன் படம் வேண்டும். மெஷினோ, நோயாளியின் பெயரைப் படத்துக்குள்ளேயே வெள்ளை எழுத்தில் அடித்துத் தொலைத்திருந்தது. கிருபாகரன் அதன்மேல் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து மூடியிருந்தான்.

“பெட்டியை யாரு சார் நகர்த்திப் பாக்கப் போறா?”

“நோயாளியோட ரகசியம்யா! அந்தம்மா காலையில என்ன சொல்லிச்சு? மறந்துட்டியா?”

மறக்கவில்லை. படத்தைக் காட்டச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும்போதே தங்கப்பொண்ணு கெஞ்சினாள். “தம்பி, வெள்ளிக்கிழமை எம் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு இதே ஏரியாதான். சாதாக் கட்டின்னு டாக்டரு சொல்லிட்டாரு, ஆனா ஊரு வாய மூட முடியுமா? எம் பேரு மட்டும் வெளிய தெரியக் கூடாது.”

ரிப்போர்ட்டுக்காக இன்னும் ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

“ஃபைலுக்குள்ளயே போயி புள்ளி புள்ளியா அழி” என்றார் டாக்டர்.

ஃபைலுக்குள் போனால் படமா இருக்கிறது? அம்புட்டும் எண்கள். வெள்ளைப் புள்ளிக்கு 255, கறுப்புக்கு 0. பெயர் இருக்கும் இடத்தைத் தேடி ஒவ்வொன்றாக 0 ஆக்க வேண்டும். ஓர் எண்ணை மாற்றுவதற்குப் பதில் கை தவறி நீக்கிவிட்டான். ஃபைல் திறக்கவே மாட்டேன் என்றது.

“சனியனே!” என்று கீபோர்டைத் திட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். இரண்டு மணி நேரம். டீ ஆறி ஆடை கட்டியது. கண்ணில் நீர் வடிந்தது.

டாக்டர் வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார். ஓர் எழுத்தின் நிழல்கூட இல்லை.

“இதான்யா வேலை! நம்மள நம்பி வந்திருக்காங்க. அவங்க பேரு வெளிய போச்சுன்னா நாம மனுசங்களே இல்ல.”

கிருபாகரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்பேர்ப்பட்ட மனிதரையா காலையிலிருந்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தோம்?

டாக்டர் உற்சாகமாகக் கதவைத் திறந்தார். ஹாலில் பழங்காநத்தமே உட்கார்ந்திருந்தது.

“மார்புக் கட்டிக்கு ஸ்கேன் எடுத்த தங்கப்பொண்ணு யாரும்மா? உங்க பேரைச் சுத்தமா அழிச்சாச்சு, பயப்படாதீங்க!”