முழங்கால் கடல்

மணமேல்குடிக் கரையில் சாயங்கால வெயில் முதுகில் விழ, காரின் நிழல் தண்ணீரைத் தொடுகிறது. திருமுருகன் பைகளை இறக்காமல் நிற்கிறான். நாளை அவன் மஸ்கட் போகிறான். மிச்சமிருப்பது இந்த ஓர் இரவுதான். அதைக் கடலோரம் கழிக்க மனைவி மலர்க்கொடிக்கு ஆசை. கடலோ ஆறிய கஞ்சி போல அசையாமல் கிடக்கிறது. “அலையே இல்லியே, வேற எடம் பாப்போங்க,” என்கிறாள். விடுதி வாட்ச்மேன் ஆண்டியப்பன் முகம் மாறாமல் சொல்கிறார்: “இங்கிட்டு எம்புட்டுத் தூரம் போனாலும் முழங்கால் தண்ணிதான் தாயி. நடந்தே யாழ்ப்பாணம் போயி மகனுக்குப் பொண்ணு பாத்துட்டு வந்தேன். சம்பந்தந்தான் அமையல.” மலர்க்கொடி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குகிறாள். போகப்போக ஒரு கொக்களவு ஆகிவிடுகிறாள். திருமுருகன் பதறிக் கூப்பிடுகிறான். தண்ணீர்மேல் தவழ்ந்து அவள் குரல் வருகிறது: “இன்னும் முழங்கால்தாங்க! பையை எறக்கி வச்சுட்டு ஓடியாங்க!”