தகுதிச் சீட்டு

"அரைக் கிலோ கறி தின்னாலும் இவனுக்கு உடம்புல ஒட்ட மாட்டேங்குது டாக்டர்" என்றாள் அழகுமீனா. எடை பார்க்க ஏறிய மகன் விக்னேஷ்குமார், இறங்க மறந்து சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டினார். "தின்கிற சத்தைக் குடல் இழுக்கவே இல்லைம்மா. கவனக் குறைபாடும் இருக்கு. வீட்ல எப்படி?"

"அடுப்புல பாலை வச்சா மறந்துருவான். செருப்பைச் சோடி மாத்திப் போட்டுக்கிருவான். அம்புட்டுதான்."

"ஆறு மாசம் வைத்தியம் பார்ப்போம். அதுவரைக்கும் நெருப்புப் பக்கம் விடாதீங்க."

"எங்க வம்சத்துல எவனுக்கும் கவனம் பிசகுனதில்லை!" அழகுமீனா தங்க வளையல்களை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "நல்லா இருக்கான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. நாளைக்குள்ள குடுக்கலைன்னா இவன் இடம் போயிரும்."

பிள்ளையின் படிப்பு கெடக்கூடாதே என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். "எந்தக் காலேஜ்?"

"காலேஜா? அதெல்லாம் போன வருசமே முடிச்சுட்டான். அச்சங்குளத்துல அவுக பெரியப்பா பட்டாசுக் கம்பெனிக்கு இவன்தான் போர்மேன். வெடிமருந்து கலக்குற ரூமு இவன் பொறுப்பு."

டாக்டர் கை நீட்டுவதற்குள் சீட்டு அவள் பைக்குள் போய்விட்டது.

வாசலில் விக்னேஷ்குமார் சட்டென்று நின்றான். "எம்மா, நேத்து கலந்ததுல மீந்த வெடிமருந்து தானாப் பத்திக்கிராம இருக்கத் தண்ணி ஊத்துனேனா?"

"அங்கன முப்பது பேரு வேலை பாக்காகல்ல, யாராச்சும் ஊத்தியிருப்பாக. நீ செருப்பைச் சோடி பாத்துப் போடுலே."