பதினெட்டு நாள் கடன்

“எனக்குத் தெரியாம எங்க வீட்டுல ஒரு கடனா? நல்லாப் பாருங்க சார். வேற யாரோடதாவது இருக்கும்.”

வங்கியின் வீட்டுக் கடன் அதிகாரி கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

“சார் பேர்லதான் மேடம். பர்சனல் லோன். வாங்கிப் பதினெட்டு நாள் ஆகுது.”

“வீட்டுக் கடன் கேட்டது நான் சார். என் பேர்லதானே ஆஃபர் லெட்டர் குடுத்தீங்க?”

“உங்க பேர்லதான். ஆனா ரெண்டு பேர் சம்பளத்தையும் கூட்டித்தானே அந்தத் தொகைக்கு ஒத்துக்கிட்டோம்? இப்ப சார் சம்பளத்துல மாசாமாசம் புதுசா ஒரு தவணை போகுது. பணத்தை விடறதுக்கு முன்னாடி எப்பவும் மறுபடி ஒரு தடவை செக் பண்ணுவோம். அதுல இது மாட்டிக்கிச்சு. ஆஃபரை நிறுத்தச் சொல்லிட்டாங்க.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டலேன்னா அந்த வீட்டை வேற ஆளுக்கு வித்துடுவாங்க சார்.”

“லெட்டர் வந்துட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கறாங்க மேடம். நான் என்ன பண்றது?”

ஆஸ்பத்திரியில் அவளைப் போலப் பொறுமைசாலி நர்ஸ் கிடையாது என்பார்கள். பதினோரு வருஷமாக, நோயாளிகள் திட்டத் திட்டச் சிரித்துக்கொண்டே ஊசி போடுகிறவள். அந்தப் பொறுமையெல்லாம் வங்கிக்கு உள்ளேயே நின்றுவிட்டது. வாசல் படிக்கட்டில் கால் வைத்ததும் ஆரம்பித்தாள்.

“யாருக்குக் குடுத்தீங்க?”

லிஃப்ட் மெக்கானிக் அவன். பாதி வழியில் மாட்டிக்கொண்டு உள்ளே அலறுகிறவர்களுக்குக்கூட நிதானமாகப் பதில் சொல்கிறவன், பெண்டாட்டிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றான்.

“ஒருத்தருக்கு அவசரம்” என்றான் கடைசியில்.

“அந்த ஒருத்தருக்குப் பேர் இல்லையா? இப்படி ஊமைக் கோட்டான் மாதிரி நின்னா விட்டுடுவேனா? ஒம்போது வருஷம், ஒரே ரூம். பக்கத்து வீட்டுக்காரங்க எப்படா வெளியில வருவாங்கன்னு தினம் துண்டோட குளியலறை வாசல்ல நிக்கிறேன். அந்தப் புது வீட்டு ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரைகூடத் தைச்சாச்சு. எல்லாத்துலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே.”

“கத்தாதே. எல்லாரும் பாக்கறாங்க.”

“நல்லாப் பாக்கட்டும். யாருன்னு எனக்குத் தெரியாதா? உங்க அருமைத் தங்கச்சிதானே?”

“அவளை எதுக்கு இழுக்கறே?”

அவ்வளவுதான். அவன் மறித்துப் பேசியதையே அவள் சாட்சியாக எடுத்துக்கொண்டாள். நாத்தனார் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். போன வருஷம் மெஷின் பழுதானபோது அண்ணன்தான் பணம் கொடுத்தான். இவள் அதை இன்னும் மறக்கவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏம்மா, உனக்கு வெக்கமா இல்ல?” சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. “உனக்காக உங்கண்ணன் கடன் வாங்கினதுல எங்க வீட்டுக் கடன் போச்சு. உன் கடை ஓடணும்னா நாங்க நடுத்தெருவுல நிக்கணுமா? அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு உறிஞ்சறியே. இனிமே என் வாசப்படி மிதிச்சே, நடக்கறதே வேற.”

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

“பணம் வாங்கினியா இல்லையா? வாயைத் திறந்து சொல்லு.”

“ஆமா அண்ணி” என்றாள் நாத்தனார் மெதுவாக. “நான்தான் வாங்கினேன். கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன். அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க.”

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவள் போனை வைத்தாள்.

“கேட்டுக்கிட்டீங்களா? அவளே ஒத்துக்கிட்டா. இனிமே எங்கப்பா காசு ஒரு நாள்கூட உங்க வீட்டுல இருக்கக் கூடாது. அதையும் முழுங்கிடுவா.”

வீட்டுக்குக் கட்டச் சேர்த்து வைத்திருந்த முன்பணத்தில் பாதி அவள் அப்பா கொடுத்தது. ரிட்டயர் ஆன மனிதர், இரண்டு வாரம் முன்னால் பஸ் ஏறி வந்து, உறையில் போட்டு மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கணவனிடம் அதைச் சொல்லிக் காட்டாமல் அவளுக்கு ஒரு பொழுதும் போனதில்லை.

“மாமாவுக்குப் போன் போடாதே” என்று அவன் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான். “சொன்னாக் கேளு. இப்ப வேணாம்.”

“ஏன், குட்டு வெளிப்பட்டுடும்னு பயமா?” அவன் கையைத் தட்டிவிட்டு நம்பரை அழுத்தினாள். “அப்பா, வீடு போச்சு. இவர் திருட்டுத்தனமாக் கடன் வாங்கித் தங்கச்சிக்குக் குடுத்துட்டார். பேங்க்ல எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. நீங்க குடுத்த பணத்தை நாளைக்கே திருப்பி அனுப்பிடறேன்.”

“எனக்கு எதுக்கும்மா அனுப்பறே? மாப்பிள்ளைகிட்ட குடு. அந்தக் கடனை அடைக்கட்டும்.”

“அது உங்க பணம்ப்பா.”

“என்கிட்ட ஏதும்மா பணம்? தரேன்னு உன்கிட்ட வாயை விட்டுட்டேன். கடைசியில கையில ஒண்ணும் தேறல. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துது, அவர்கிட்ட சொன்னேன். அவர்தான் கடன் வாங்கிட்டு வந்து, ‘நீங்களே உங்க கையால குடுங்க மாமா’ன்னார். அவரை ஒண்ணும் சொல்லிடாதம்மா.”

போனைக் கீழே இறக்கினாள். அவளால் அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப உங்க தங்கச்சி ஆமான்னாளே? முன்னாடியே சொல்லி வச்சிருந்தீங்களா?”

“இல்ல. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது” என்றான் அவன்.