இடது கை தூங்குது

"எம் பிள்ளையோட இடது கைய யாரும் தொடக் கூடாது," என்று வேல்பாண்டி சொன்னபோது, அவனுடைய அக்கா கருத்தம்மாள் ஓவியாவின் இடது கையிலிருந்த இட்லியைப் பிடுங்கி வலது கையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வயது ஓவியா அதை மறுபடியும் இடது கைக்கே மாற்றிக்கொண்டு நிம்மதியாகத் தின்றாள். எதிரே அவள் கூடப்பிறந்த திரிஷா வலது கையால் சமர்த்தாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ மட்டும் ஒழுங்காத் திங்கிறாள்ல? ஏலே, நாளைக்குப் பந்தியில இவ பக்கத்துல யாருலே உக்காருவா?"

"தேனி டாக்டர் சொல்லிட்டாகக்கா. இந்த வயசுல எந்தக் கைன்னு உறுதிப்படாதாம். நாலஞ்சு வயசுலதேன் நிக்குமாம். அதுவரைக்கும் நாம மாத்தக் கூடாதாம்."

டாக்டர் சொன்னது பாதிக் காரணம்தான். மீதியை வெளியே சொன்னால் காமயகவுண்டன்பட்டியே கூடிச் சிரிக்கும். அது அவனுக்கும் அவன் மனைவி விஜிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

வேல்பாண்டி பன்னீர் திராட்சையை மினி லாரியில் ஏற்றிக் கோட்டயத்துக்குக் கொண்டுபோகிறவன். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே ஒரு பழத்தை நீட்டுவான். பிள்ளை கை நீட்டி வாங்கிய பிறகுதான் பெயர் சொல்லிக் கொஞ்சுவான். பாசக்காரத் தகப்பன் என்று தெருவே மெச்சும்.

மறுநாள் அவனுக்கு லோடு இருந்தது. வழியெல்லாம் கடை கடையாக இறக்கிப் போய்வர நான்கு நாள். அக்காவோ ஒரு வாரம் தங்குவதாக ஓடைப்பட்டியிலிருந்து பையோடு வந்திருந்தாள். லாரியில் ஏறும்போது விஜியிடம் கெஞ்சினான்.

"மத்தது எது போனாலும் போகட்டும். அந்தக் கையப் பத்திரமாப் பாத்துக்க."

குமுளியைத் தாண்டியதும் போன் செய்தான். "எப்படி இருக்கு?"

"தூங்குது மாமா."

"பிள்ளையா?"

"கை. மதினி அதைத் துணியில சுத்தி, தாலாட்டுப் பாடித் தூங்க வச்சிருக்காக. எழுப்புனா அழும்னு சொல்லிட்டாக. ஓவியாவும் அசையாம உக்காந்து வலது கையால திங்கிறா."

"மொதல்ல அந்தக் கைய எழுப்பு," என்று ரோட்டோரம் நின்று கத்தினான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மலையாளி டிரைவர் கிளாஸோடு தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு அவன் சரக்கை இறக்கினானே தவிர, மனசெல்லாம் அந்தக் கையிலேயே கிடந்தது. கடைசி நாள் விஜி போனை எடுக்கவே இல்லை.

ஊர் திரும்பி வாசலில் லாரியை நிறுத்தியதும், "அப்பா" என்று இருவரும் ஓடிவந்தார்கள். யார் கையிலும் துணியைக் காணோம். இரண்டு பழங்களை நீட்டினான்.

இரண்டு வலது கைகள் நீண்டு வாங்கிக்கொண்டன.

"பாத்தியாலே," என்றாள் கருத்தம்மாள். "ஒன் டாக்டருக்கு நாலஞ்சு வருசம் வேணும். எனக்கு நாலு நாளு போதும்."

"ஓவியா," என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தான். இருவருமே வாய் நிறையப் பழத்தோடு சிரித்தார்கள். அவன் மிரண்டுபோய் விஜியைத் தேடினான். அவள் தலையைக் குனிந்தபடி அருகே வந்து, அக்கா காதில் விழாமல் சொன்னாள்:

"நேத்துலருந்து நானும் முழிச்சுக்கிட்டுத்தேன் இருக்கேன் மாமா. ரெட்டப் பிள்ளையில எது ஓவியான்னு எனக்கும் தெரியல."