ரோல்ஸ் தட்டு வராத மேசை

எல்லா மேசைக்கும் ரோல்ஸ் தட்டு போனது. கிருஷ்ணராஜின் மேசைக்கு மட்டும் வரவில்லை.

பதுளைக் கடைகளில் அது கேட்டு வாங்குகிற பண்டமில்லை. ஆள் சரியாக உட்காரும் முன்பே எண்ணெயில் பொரித்த ரோல்ஸ், பெட்டிஸ், வடை என்று தட்டு நிறைய வந்துவிடும். தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும்.

ஆஸ்பத்திரியில் மாதாந்தக் கிளினிக் முடிந்து, மகள் டிலுக்ஷியோடு நல்ல பசியில் வந்திருந்தார் கிருஷ்ணராஜ். பரிமாறுகிற ஹிஷாம் தட்டோடு பக்கத்தில் வந்தான். டிலுக்ஷியைப் பார்த்தான். அப்படியே திரும்பிப் போய்விட்டான். பிறகு சோறும் பருப்பும் வல்லாரைச் சம்பலும் கொண்டுவந்து வைத்தான்.

கிருஷ்ணராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன மாதம் இதே மேசையில் அவர் மூன்று ரோல்ஸ் தின்றதற்குக் கணக்குச் சொன்னவனே இந்த ஹிஷாம்தான்.

சரி, முதலில் பிள்ளையைக் கவனிப்போம் என்று சோற்றைப் பிசைந்தார். கீரையைக் கண்டாலே டிலுக்ஷி வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். சோற்றுக்குள் வல்லாரையை ஒளித்து, உருட்டி, கதை பேசி ஊட்டிவிட அவரால்தான் முடியும். அம்மாவின் கையில் அந்த வித்தை பலிக்காது.

“டாக்டர் என்ன சொன்னாரு? எண்ணெய்ப் பண்டம் தொடக் கூடாது. கீரை நெறைய சாப்பிடணும். வாயைத் தொற.”

சொன்னவரின் கண் என்னவோ அடுத்த மேசை ரோல்ஸ் மேலேயே இருந்தது. ஊருக்கு உபதேசம் செய்ய யாருக்குத்தான் கசக்கும்?

பொறுக்க முடியாமல் கை காட்டித் தட்டைக் கேட்டார். முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே, ஹிஷாம் எதிர் மேசைக்கு இன்னொரு தட்டைக் கொண்டுபோனான்.

அவருக்குச் சுருக்கென்றது. தேயிலைத் தோட்டத்து ஆள் தின்றுவிட்டு ஒன்றிரண்டைக் குறைத்துச் சொல்வான் என்று நினைக்கிறார்களா? அதுவும் மகள் முன்னால். கையைக் கழுவிவிட்டு நேரே முதலாளி ஸாஹிரிடம் போனார்.

“நாங்க ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ஆளுங்கன்னுதானே எங்களுக்குத் தட்டு வைக்கல, முதலாளி?”

ஸாஹிர் திருதிருவென முழித்தார். அவருக்கும் காரணம் தெரியவில்லை. ஹிஷாமைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் வைத்த தட்டை இவருக்கு ஏன் வைக்கவில்லை என்று அதட்டினார்.

ஹிஷாம் நெளிந்தான். “வெக்க வேணாமெண்டு அவங்கட வீட்டு ஆள்தான் சொன்ன, முதலாளி.”

“எங்க வீட்டு ஆளா? எம் பொஞ்சாதி இந்தக் கடைப் பக்கமே வந்ததில்லையே.”

ஹிஷாம் மேசைப் பக்கம் பார்த்தான். கிருஷ்ணராஜும் பார்த்தார்.

டிலுக்ஷி குனிந்த தலை நிமிராமல், யாரும் சொல்லாமலே, வல்லாரையை எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“போன மாசம் நீங்க கை கழுவப் போன நேரம் புள்ள எங்கிட்ட வந்திச்சி, அண்ணே,” என்றான் ஹிஷாம் தாழ்ந்த குரலில். “‘அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததால டாக்டர் ரோல்ஸ் சாப்பிட வேணாம்னு சொல்லியிருக்காரு, ஹிஷாம் நானா. இனிமே எங்க மேசையில தட்டு வைக்காதீங்க. அப்பா இல்லாட்டி எனக்கு யாரு கீரை ஊட்டுவா?’ எண்டு கேட்டிச்சி.”